நாரி நோவுக்கு உலர் ஊசி: வன்னியில் முதல்தடவை போகிறவர்களுக்கு

நாரி நோ மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை நாட்பட்ட நோ என்று வைத்தியர்கள் கணக்கெடுக்கிறார்கள். அருவி வெட்டு முடிந்த கையோடு நாரி பிடித்து, இரண்டு கிழமை நிமிர முடியாமல் கிடப்பது அந்தக் கணக்கில் வராது. அது பெரும்பாலும் தானாகவே விட்டுப் போகும். அதற்கு ஊசி வேண்டியதில்லை. மாதக்கணக்காக நோவோடு வயலுக்கும் கரைவலைக்கும் தையல் மெசினுக்கும் போய் வருகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ட்ரை நீட்லிங் எனப்படும் உலர் ஊசியில் மருந்து எதுவும் ஏற்றுவதில்லை. ஊசியில் துவாரமே கிடையாது. தடிப்பு 0.25 அல்லது 0.30 மில்லிமீற்றர். தசைக்குள் மருந்து போடும் ஊசி பெரும்பாலும் இதைப்போல் இரண்டு மடங்கு தடிப்பு. நாரிக்கு 40 முதல் 60 மில்லிமீற்றர் நீளமான ஊசி எடுப்பார்கள். பிட்டத்துத் தசைக்கும் பருத்த உடம்புக்கும் 75 வரை போகும். தசைக்குள் சில இடங்களில் நார் இறுகி நாண்போல ஓடும். அதில் ஒரு புள்ளியை விரலால் அமத்தினால் நீங்கள் மாதக்கணக்காக அனுபவிக்கிற அதே நோ கிளம்பும். அந்தப் புள்ளிக்குத்தான் ஊசி. இவற்றை உடம்பு முழுவதும் தேடி வரைபடமாக்கியவர்கள் ஜெனட் ட்ரவல், டேவிட் சைமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள். மருந்தே இல்லாமல் ஊசி மட்டும் நோவைத் தணிக்கிறது என்று 1979இல் எழுதியவர் செக் நாட்டவரான கரெல் லெவிற். சீன மரபு ஊசி வைத்தியமான அக்குபங்சரிலும் இதே ஊசிதான். எங்கே குத்துவது என்று தீர்மானிக்கிற கணக்கு வேறு.

எவ்வளவு பலன் வரும் என்பதைப் போகுமுன் தெரிந்துகொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட நாரி நோ வழிகாட்டல், ஊசிச் சிகிச்சையைக் கொடுக்கலாம் என்கிறது. ஆதாரத்தின் உறுதி குறைவு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016இல் நாரி நோவுக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. நோ குறைவது சில நாளுக்கு, சிலருக்குச் சில கிழமைக்கு. அந்த நாட்களில் உடம்பை அசைத்துப் பலப்படுத்துகிறவருக்கு ஊசி உதவுகிறது. ஊசியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு நோ திரும்பி வரும், அவரும் திரும்பத் திரும்ப ஊசிக்குப் போவார். கீழே சொல்கிற எல்லாவற்றையும் இதை மனதில் வைத்து வாசியுங்கள்.

ஊசிக்கு முதல்: இது தசை நோதானா?

தசை நோ அசைவோடு மாறும். குனிந்தால் கூடும், புரண்டு படுத்தால் குறையும், காலையில் விறைப்பாக இருந்து நடக்க நடக்க இளகும். சிறுநீரகக் கல்லின் நோ அப்படி இல்லை. விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கும் கவட்டுக்கும் இறங்கும், அலையலையாக வரும், எப்படிக் கிடந்தாலும் இருந்தாலும் ஆறாது, சலம் சிவந்து போகலாம். அதற்கு ஆஸ்பத்திரிதான்.

வயலில் நிற்கிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு நாரியும் கெண்டைக்காலும் தொடமுடியாமல் நொந்து, கண் சிவந்திருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எண்ணெய் போட்டு உருவுவதும் ஊசி போடுவதும் நாளைக் கடத்துகிற வேலை. மாரி காலத்தில் டெங்கும் சேர்ந்துகொள்ளும். அதில் இரத்தத் தட்டுக்கள் இறங்கும் என்பதால் ஊசியும் கூடாது, டைக்ளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் குளிசைகளும் கூடாது. காய்ச்சல் இருக்கிற எவருக்கும் உலர் ஊசி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசியை மறந்துவிட்டு உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்: சலம் முட்டியும் போகாமல் இருப்பது, அல்லது தெரியாமலே சலமோ மலமோ போவது, இருந்தால் நிலத்தில் படுகிற பகுதி, அதாவது ஆசனவாயும் பிறப்புறுப்பும் தொடையின் உட்பக்கமும் விறைத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. முள்ளந்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நெரிபடுவதன் அடையாளம் இது. சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் மணித்தியாலக் கணக்கில் செய்ய வேண்டும். தாமதித்தால் சலம் போகும் உணர்வு திரும்பாமலே போகலாம்.

அவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் முதலில் வைத்தியர் பார்க்க வேண்டியவை சில உண்டு. காரணமில்லாமல் மெலிவது, இரவில் வியர்ப்பது, படுத்திருந்தாலும் விடாத நோ, முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்திருப்பது, மரத்தாலோ கிணற்றுக்கட்டாலோ விழுந்த பின் தொடங்கிய நோ, வயதான பெண்களுக்குச் சின்னச் சறுக்கலுக்குப் பின் திடீரென்று வந்த நோ. காசநோய் முள்ளந்தண்டையும் பிடிக்கும். இருமல் இல்லாமலும் பிடிக்கும்.

எக்ஸ்ரேயிலோ எம்ஆர்ஐயிலோ "தட்டு தேய்ந்திருக்கு" என்று, அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டைப் பற்றி, எழுதியிருப்பதைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம். நோவே இல்லாதவர்களைப் படம் பிடித்து 2015இல் தொகுத்துப் பார்த்தபோது 20 வயதுக்காரரில் 37 வீதமானோருக்கும் 80 வயதுக்காரரில் 96 வீதமானோருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது.

வாய் திறந்து சொல்ல வேண்டியவை

உடம்புக்குள் ஷெல் பீஸ் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். எடுப்பது ஆபத்து என்று அப்படியே விட்ட துண்டோடு 2009க்குப் பிறகும் வாழ்கிறவர்கள் வன்னியில் ஏராளம். பழகிப்போனதால் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. துண்டு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஊசி போகக் கூடாது. ஊசியில் மின்சாரம் கொடுக்கிற முறையும் அங்கே வேண்டாம். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எம்ஆர்ஐக்கு எழுதினாலும் இதையே சொல்ல வேண்டும்: அந்த மெசினின் காந்தம் உள்ளிருக்கும் இரும்பை அசைக்கக் கூடியது.

வயிற்றுக் காயத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்தவர்கள் எதை எடுத்தார்கள் என்று நோய்க் குறிப்பில் பார்த்து வையுங்கள். மண்ணீரல் எடுத்தவருக்குக் கிருமி தொற்றினால் வேகமாக முற்றும். ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவருக்கு விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஆழமாக ஊசி போடுவதைத் தவிர்ப்பதே புத்தி. முள்ளந்தண்டில் காயப்பட்டு உணர்ச்சி குறைந்த இடத்திலும் வேண்டாம், ஏனென்றால் ஊசி நரம்பில் தொட்டால் எச்சரிப்பது உங்கள் உணர்ச்சிதான்.

செயற்கைக் கால் போட்டிருப்பவர்களின் நாரி நோவுக்குக் காலின் உயரமே பெரிய காரணமாக இருக்கலாம். காலைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். பின்னால் ஒருவர் இருந்து இரண்டு கையையும் உங்கள் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் தட்டையாக வைத்துப் பார்க்கட்டும். ஒரு கை தாழ்ந்திருந்தால் முதலில் கால் செய்து தந்த இடத்துக்குப் போய் உயரத்தையும் குழியையும் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் எத்தனை ஊசி போட்டாலும் நடக்கிற ஒவ்வொரு அடியும் நாரியை மறுபடி இறுக்கும்.

மற்றவை வழக்கமானவை, ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், முக்கியமாக இதய வால்வு மாற்றியவர்கள், கிளினிக் வைத்தியரைக் கேட்காமல் ஆழமான ஊசிக்குப் போகக் கூடாது. ஊசிக்காக மருந்தைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. குளொபிடோகிறெல், அஸ்பிரின் எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், நிக்கல் நகை போட்டால் தோல் கடிக்கிறவர்கள், ஊசியைக் கண்டாலே மயங்குகிறவர்கள் எல்லோரும்தான். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் நாரி நோவுக்குக் கடையில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

யாரிடம் போவது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் முதலில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு இயன்மருத்துவப் பிரிவுக்குப் போவதே நேரான வழி. கட்டணம் இல்லை. பிசியோதெரபிஸ்ட் என்று நாம் சொல்லும் இயன்மருத்துவர் எல்லோரும் ஊசி பயின்றவர்கள் அல்லர். அங்கே செய்கிறார்களா என்று கேட்டு அறியுங்கள். இல்லை என்றால் பயிற்சிகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாலும் நட்டமில்லை.

தனியாரிடம் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா? உலர் ஊசிக்கென்று தனியாக எங்கே பயின்றீர்கள்? ஊசிக்குப் பிறகு என்ன பயிற்சி தருவீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். பத்துத் தடவைக்கு முற்பணம் கேட்டாலும் அப்படியே.

போகிற நாள்

வெறும் வயிற்றோடு போக வேண்டாம். மயங்கி விழுகிறவர்களில் பலர் சாப்பிடாமல், வெயிலில் நின்று, பயத்தோடு படுத்தவர்கள். விரத நாளில் போகாதீர்கள். ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்கு முன் அளவாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். நாரியும் பிட்டத்தின் மேல்பகுதியும் திறக்கக்கூடிய தளர்வான உடுப்பு வேண்டும். பெண்கள் துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அது உங்கள் உரிமை. முதல்தடவை மோட்டார் சைக்கிளைத் தனியாக ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், திரும்பும்போது பின்னால் இருந்து வருவதுதான் பாதுகாப்பு. அடுத்த இரண்டு நாளும் மூட்டை தூக்கும் வேலை இல்லாத நாளாகப் பாருங்கள்.

மேசையில் நடப்பது

வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வைப்பார்கள். முதல் வேலை விரலுக்கு. முள்ளந்தண்டின் நடுமேட்டுக்கு இரண்டு பக்கமும், விலாவிலிருந்து இடுப்பெலும்புவரை, பிறகு பிட்டத்தின் வெளிப்பக்கம் என்று அமத்தித் தேடுவார். "இதுதான் அந்த நோ" என்று நீங்கள் சொல்கிற இடத்தை அடையாளமிடுவார். தேடாமல் நேரே ஊசியை எடுப்பவரிடம் எழுந்து வந்துவிடலாம்.

பிறகு கையுறை போட்டு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை அரை நிமிடம் பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். ஊசிப் பக்கெற் உங்கள் கண்முன் உடைபட வேண்டும். காலாவதித் திகதியைப் பாருங்கள். சில பக்கெற்றில் ஐந்து ஊசி சேர்ந்து வரும். மிஞ்சியதை அடுத்த ஆளுக்கு எடுத்து வைக்கக் கூடாது, எறிய வேண்டும். ஊசி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும். பிடியின் நுனி மட்டும் குழாய்க்கு மேலே சில மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டு நிற்கும். குழாயைத் தோலில் அமத்தி, அந்த நுனியை விரலால் ஒரு தட்டு. தோலைத் தாண்டுவது அவ்வளவுதான், எறும்பு கடித்த அளவுக்கும் தெரியாது. குழாயை எடுத்துவிட்டு ஊசியை மெல்ல உள்ளே தள்ளுவார்.

முள்ளந்தண்டை ஒட்டியுள்ள ஆழமான தசைக்கு நடுமேட்டிலிருந்து ஒரு பெருவிரல் அகலம் தள்ளிக் குத்தி, சற்று உட்பக்கமாகச் சரித்து இறக்குவார்கள். அங்கே ஊசி பெரும்பாலும் எலும்பில் தட்டி நிற்கும். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள தசைக்கு உங்களை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, கடைசி விலாவுக்குக் கீழே, முள்ளந்தண்டின் பக்க எலும்பை நோக்கி ஊசியைச் செலுத்துவார்கள். இந்த இடம்தான் கவனம் கூடத் தேவைப்படுவது: மேலே நுரையீரலின் உறை, உள்ளே சிறுநீரகம். கடைசி விலாவுக்கு மேலே நெடுக்காக, ஆழமாக ஊசி இறக்கப் போனால் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

புள்ளியில் பட்டால் தசை ஒரு துள்ளுத் துள்ளும். அதோடு ஆழத்தில் ஒரு உளைவு, சில நேரம் பிட்டத்துக்கும் பரவும். அது சரியான உணர்ச்சி. மின்சாரம் அடித்தாற்போல் கால்வரை சுளீரென்று ஓடினால் நரம்பில் தொட்டிருக்கிறது. உடனே சொல்லுங்கள், ஊசியைப் பின்னிழுத்துத் திசை மாற்றுவார். சொல்லும்போது உடம்பை அசைக்காமல் வாயால் மட்டும் சொல்லுங்கள். துள்ளல் வரவில்லை என்றால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தம் இல்லை. துள்ளலைத் தேடி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிண்டினால் கூடுவது அடுத்தநாள் நோதான்.

சிலர் ஊசியை மேலும் கீழும் சில விநாடி அசைத்துவிட்டு எடுப்பார்கள், சிலர் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுவார்கள். முதல் நாளில் நாலைந்து ஊசிக்கு மேல் தேவையில்லை. உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்க்கத்தான் அந்த நாள். தசை இறுகி ஊசி வெளியே வராமல் பிடித்தால் இழுக்கக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் மூச்சை விட்டுத் தளர்ந்து கிடந்தால், பக்கத்துத் தசையைத் தடவிக் கொடுத்தால் விடும். எடுத்ததும் பஞ்சை வைத்து அமத்த வேண்டும். போட்ட ஊசியும் எடுத்த ஊசியும் எண்ணி ஒத்துப்போக வேண்டும், எல்லாம் மூடியுள்ள மஞ்சள் பெட்டிக்குள் போக வேண்டும். பின் சட்டென்று எழும்பாமல் கொஞ்ச நேரம் படுத்திருந்து, கட்டிலில் இருந்து, பிறகு நில்லுங்கள்.

பிறகு வரும் நோ

அடுத்த ஒன்றிரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள், ஊசி போன இடம் புது வேலை செய்த தசைபோல் நோகும். அயர்லாந்தில் இயன்மருத்துவர்கள் செய்த 7,629 சிகிச்சைகளைக் கணக்கெடுத்து 2014இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் சின்ன உபாதைகள் இருந்தன: கண்டல், துளி இரத்தம், குத்தும்போது நோ. பெரிய கேடு ஒன்றும் பதிவாகவில்லை. சுடுதண்ணி ஒத்தடமும் மெல்லிய நடையும் போதும். தேவைப்பட்டால் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டைத் தாண்டாமல். சாராயம் குடிப்பவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டுத்தான்.

மூச்சு வாங்குவது, மூச்சிழுக்க நெஞ்சு குத்துவது, சலத்தில் இரத்தம், காலில் புதிதாக வந்த பலவீனம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. குத்திய இடம் சில நாளில் சிவந்து சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தாலும் அப்படியே.

நோ தணிந்த நாட்களில் செய்ய வேண்டியது

ஊசி போட்ட அன்றே பத்து நிமிடம் சமதரையில் நடக்கத் தொடங்கி, இரண்டு கிழமைக்குள் 30 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து பாயில் செய்யக்கூடிய இரண்டு பயிற்சி: மல்லாக்கப் படுத்து முழங்காலை மடித்து, பிட்டத்தை இறுக்கி நாரியை உயர்த்தி மூன்று விநாடி நிறுத்தி இறக்குவது, பத்துப் பத்தாக மூன்று தரம். கையையும் முழங்காலையும் ஊன்றி நின்று, வலது கையையும் இடது காலையும் நீட்டி ஐந்து விநாடி நிறுத்துவது, பக்கத்துக்கு எட்டு. முதுகின் மேல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருந்தால் சரியாமல் நிற்க வேண்டும், அந்த அளவுக்கு அசையாமல்.

மூன்றாவது, குனியப் பழகுவது. எனது கணிப்பில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மண்வெட்டிப் பிடி ஒன்றைக் கழற்றி முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள். அது பிடரி, தோள்பட்டைகளின் நடு, நாரி முடிகிற வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் தொட வேண்டும். முழங்காலைச் சற்று மடித்து, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்றில் ஓரிடமாவது தடியை விட்டு விலகினால் நாரியால் குனிகிறீர்கள், நிமிர்ந்து மறுபடி. மூன்றும் விலகாமல் தொடை பின்பக்கம் இழுபடுவது தெரிந்தால் இடுப்பால் குனிகிறீர்கள். நாளுக்கு இருபது தரம். இது கைவந்த பிறகு தண்ணி வாளி, அதன் பிறகு அரைச்சாக்கு நெல். 50 கிலோ உரப்பையை இருவர் பிடிக்கிற வழக்கத்தை வீட்டில் கொண்டுவாருங்கள். களை பிடுங்கும்போது அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரம்பில் ஏறி நிமிர்ந்து நாலு அடி நடவுங்கள்.

இடுப்புப் பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருப்பதை மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டலே வேண்டாம் என்கிறது.

எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது

கிழமைக்கு ஒன்று போதும். தொடங்கும் நாளிலேயே ஒரு கொப்பியில் இரண்டு விடயம் எழுதுங்கள்: நோ பத்துக்கு எத்தனை, உங்களால் நோவில்லாமல் எவ்வளவு நேரம் குனிந்து வேலை செய்ய முடிகிறது அல்லது பஸ்ஸில் இருந்து வர முடிகிறது. ஒவ்வொரு ஊசிக்கும் முதல் நாள் இரவு இதையே எழுதுங்கள். ஊசி போட்ட அன்று எழுதினால் அந்த நேரத்து நிம்மதி கணக்கைக் குழப்பும். நோ ஆறிலிருந்து நாலுக்கு இறங்கினால், வேலை நேரமும் கூடினால், பலன் உண்டு. ஊசியின் இடைவெளியை இரண்டு கிழமையாக்கிப் பின் விடலாம். மூன்று நாலு தடவைக்குப் பிறகும் எண் அசையவில்லை என்றால் ஊசியை நிறுத்திவிட்டு, அந்தக் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள். எந்த அசைவில் நோ கூடுகிறது, காலுக்கு இறங்குகிறதா, இரவில் எழுப்புகிறதா என்பவற்றையும் அதில் எழுதி வைத்திருந்தால், அடுத்து என்ன பார்ப்பது என்று அவர் தீர்மானிக்க அது உதவும். பயிற்சியையும் நடையையும் அதுவரை விட வேண்டாம்.